மொத்தத் தொகை முதுமைக்குச் சோறு போடுமா?

(பூதிகோட்டையில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதுமைக்கான பணத் திட்டம் பற்றிப் பேசவே நாம் இங்கே கூடியிருக்கிறோம். "நாளைக்கு அடுப்பெரிய வழி சொல்லுங்கள், முப்பது வருஷம் கழித்து வரப்போவதைப் பற்றி இப்போது என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். மனை வாங்கி விற்பவர்களுக்கும் பங்குகளில் பணம் போட்டுப் பெருக்குகிறவர்களுக்கும் உரிய பேச்சாக இது இருந்தால் நமக்கு இங்கே வேலை இல்லை. பெருக்குவதற்கென்று மிச்சப் பணம் நம்மிடம் ஏது?

ஆனால் நம் பெயரில், நம் கைக்கு வராமலே, மாதாமாதம் ஒரு பணம் சேர்கிறது. சம்பளச் சீட்டில் பி.எப். என்று எழுதிப் பிடிக்கிறார்களே, அந்தப் பணம். அது எங்கே போகிறது, எப்படித் திரும்ப வருகிறது, அதை எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளாதவரை, உழைப்பது நாமாகவும் அனுபவிப்பது வேறொருவராகவும்தான் இருக்கும்.

சுரங்கம் மூடிய நாள்

இந்த வட்டாரத்தில் முதுமைப் பணம் பற்றிப் பேசுகிறவர்கள் தங்கவயலை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. வடஆர்க்காட்டிலிருந்தும் தென்ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் கூட்டம் கூட்டமாக வந்து குழிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிற்று. 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற அரசுக் கம்பெனி உண்டாயிற்று. 2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு எல்லாம் முடிந்தது. மார்ச் 1 முதல் கம்பெனி மூடப்பட்டது.

அன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். வெறுங்கையோடு அனுப்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. வேலை முடிவுக்கென்று ஒரு தொகை உண்டு என்றார்கள். அதுவரை மாதம் சில ஆயிரம் சம்பளம் பார்த்த குடும்பத்துக்கு லட்சம் என்பது மலைபோலத் தெரியும். ஆனால் அது எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் என்று யார் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார்கள்?

நாம் இப்போது போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். 8 சதவீத வட்டிக்கு அதைப் போட்டு மாதம் 5,000 ரூபாய் எடுத்துச் செலவு செய்தால், ஆறரை ஆண்டுக்குள் வட்டியும் முதலும் சேர்ந்து தீர்ந்துவிடும். ஐம்பது வயதில் வேலையிழந்தவருக்கு ஐம்பத்தேழு வயதுக்குள் கை காலியாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் உயிர் வாழ வேண்டியிருக்கிறது. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் வாங்கினாலோ மாதம் 2,000 ரூபாய்தான்.

இது கடன் இல்லாத வீட்டின் கணக்கு. மளிகைக் கடையிலும் வட்டிக்காரரிடமும் பாக்கி வைத்திருந்தவருக்கும், மகள் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருந்தவருக்கும் முதல் மாதத்திலேயே பாதித் தொகை போயிருக்கும். அவர்களை ஊதாரி என்று சொல்ல நமக்கு வாய் வராது. குடியிருந்தது கம்பெனி வீடு. வைத்தியம் பார்த்தது கம்பெனி ஆசுபத்திரி. எரிந்தது கம்பெனி விளக்கு. எல்லாவற்றையும் கம்பெனி கையில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு தொகையைக் கொடுத்து "இனி உன் பாடு" என்று சொன்னால், அந்தத் தொகை எத்தனை ஓட்டையை அடைக்கும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அறுபது வயதானவர்கள் பணம் போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்குகிற தபாலாபீஸ் மூத்த குடிமக்கள் திட்டம் 2004-ல்தான் வந்தது. சாதாரண மக்களும் சேரக்கூடிய தேசிய பென்ஷன் திட்டம் 2009-ல் வந்தது. அடல் பென்ஷன் 2015-ல் வந்தது. 2001-ல் நம்மவர்கள் தொகை வாங்கியபோது இவற்றில் ஒன்றும் கிடையாது. இன்று இருக்கின்றன. இருந்தும் நாம் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் அந்த வரலாறு நம் வீட்டிலும் நடக்கும்.

பெங்களூர்ப் பெண்கள் கேட்ட கேள்வி

சுரங்கம் போன பிறகு மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறோம். தையல் ஆலை, காவல் வேலை, துப்புரவு, கட்டடம் என்று கிடைத்த இடத்தில் உழைக்கிறோம். அந்தப் பெங்களூரில் 2016-ல் நடந்ததை மறந்துவிடலாகாது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. வேலையை விட்ட தொழிலாளி தன் பங்கு பி.எப். பணத்தை மட்டுமே எடுக்கலாம். முதலாளி பங்கை 58 வயது வரை தொட முடியாது என்றது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் தையல் ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். ஒசூர்ச் சாலை ஸ்தம்பித்தது. பெரிய சங்கம் எதுவும் அழைப்பு விடுக்கவில்லை. அவர்களாகவே வந்தார்கள். 19-ந் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அதற்கு முன்னால் அதே ஆண்டு பட்ஜெட்டில், பி.எப். பணத்தை எடுக்கும்போது ஒரு பகுதிக்கு வரி போடும் யோசனையும் வந்தது. எதிர்ப்புக் கிளம்பவே மார்ச் 8-ந் தேதி அதையும் கைவிட்டார்கள்.

அந்தப் பெண்கள் ஏன் கொதித்தார்கள்? பிள்ளை படிப்புக்கும், ஆசுபத்திரிக்கும், பழைய கடனுக்கும் அவர்களிடம் இருந்த ஒரே பணம் அதுதான். முதலாளி பங்கு என்று பெயர் இருந்தாலும் அது முதலாளி போடும் பிச்சை அன்று. இன்று தரவேண்டிய கூலியில் ஒரு பகுதியை நாளைக்கு என்று ஒத்திவைத்திருக்கிறார்கள். நம் கூலியை எப்போது எடுப்பது என்பதை நம்மைக் கேட்காமல் தீர்மானித்தால் கோபம் வரத்தான் செய்யும்.

அந்தப் பிரச்சினை இன்னும் முடிந்தபாடில்லை. 2025 அக்டோபரில் பி.எப். மத்திய அறங்காவலர் குழு ஒரு முடிவு எடுத்தது. வேலையிழந்தவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதியை 12 மாதம் கழித்து எடுக்கலாம், பென்ஷன் பங்கை 36 மாதம் கழித்துத்தான் எடுக்கலாம் என்பது அந்த முடிவு. ஆக, எடுக்கும் உரிமைக்காக நாம் விழிப்போடு இருக்கத்தான் வேண்டும். ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? இதை நமக்குள் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

எடுத்தால் எவ்வளவு, விட்டால் எவ்வளவு?

மாதம் 12,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கும் ஒரு தங்கையை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு 12 சதவீதம், 1,440 ரூபாய். ஆலையின் பங்கும் அதே 1,440. அதில் சுமார் 1,000 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. மீதி 440 பி.எப்.பில் சேர்கிறது. ஆக மாதம் 1,880 ரூபாய். 2024-25-ல் பி.எப். வட்டி 8.25 சதவீதம். நாம் 8 சதவீதம் என்றே கணக்குப் போடுவோம்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆலை மாறி, மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்தால், ஒவ்வொரு தடவையும் சுமார் 1,37,000 ரூபாய் கிடைக்கும். இருபது ஆண்டில் நான்கு தடவை; மொத்தம் ஐந்தரை லட்சம். அதையே எடுக்காமல் ஒரே எண்ணில் தொடர்ந்து வைத்திருந்தால் 10 லட்சத்துக்கு மேல் நிற்கும். சம்பளம் ஒரு பைசா ஏறவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அதே உழைப்பு, அதே பிடித்தம். இடையில் எடுத்ததால் போனது சுமார் ஐந்து லட்சம் வட்டி.

பென்ஷனில் வரும் நஷ்டம் இதைவிடக் கொடியது. 1995 நவம்பரில் தொடங்கிய இந்தப் பென்ஷன் திட்டத்தில், மொத்தம் 10 ஆண்டு சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதாந்திரப் பென்ஷன். பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பள உச்சவரம்பு 2014 முதல் 15,000 ரூபாய். நான்கு ஆலைகளில் மூன்று மூன்று ஆண்டு வேலை செய்து, ஒவ்வொரு முறையும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தவருக்குச் சர்வீஸ் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பமாகும். பன்னிரண்டு ஆண்டு உழைத்தும் பென்ஷன் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. எடுக்காமல் புது ஆலைக்கு மாற்றிக்கொண்டே வந்தவருக்கு, சம்பளம் 15,000 என்றால், ஆயுள் முழுக்க மாதம் 2,571 ரூபாய். அவருக்குப் பின் அவர் மனைவிக்கோ கணவனுக்கோ ஒரு பங்கு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் மகன் கையையும் மருமகள் முகத்தையும் பார்க்காமல் மாத்திரை வாங்கிக்கொள்ள உதவும் தொகை.

வேலையை விட்டுச் சிறிது காலம் ஊரில் இருக்கப் போகிறவர்கள், பென்ஷன் பணத்தை எடுப்பதற்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு எந்த வேலையில் சேர்ந்தாலும் பழைய ஆண்டுகள் கூடவே வரும்.

அவசரப் பணம் தனி, முதுமைப் பணம் தனி

"எல்லாம் சரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் போவது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். முக்கியமான கேள்வி இதுதான். நாம் பி.எப்.பை உடைப்பது ஆசையினால் இல்லை. ஐயாயிரம், பத்தாயிரம் என்ற அவசரத்துக்கு வேறு பெட்டி இல்லாததால்தான் முதுமைப் பெட்டியில் கை வைக்கிறோம். ஆகவே அவசரத்துக்கென்று தனிப் பெட்டி வேண்டும்.

இதற்கு வழிகாட்ட வெளியூர்க்காரர் யாரும் வரவேண்டியதில்லை. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று புத்தகத்தில் பெயர் பெற்ற இந்தப் பூதிகோட்டை, மகளிர் சங்கங்களாலும் பெயர் பெற்ற ஊர். மைராடா நிறுவனத்தின் துணையோடு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் கூடிச் சிறு தொகை சேமித்து, அந்தப் பணத்திலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கினார்கள். இப்படிப்பட்ட குழுக்களைப் பார்த்துத்தான் நபார்டு வங்கி 1992-ல் சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் இதே ஊரில் 'நம்ம த்வனி' என்ற ஒலிபரப்பு கேபிள் வழியாக வீடுகளுக்குப் போயிற்று. அதிலும் இந்தச் சங்கத்துப் பெண்களுக்குப் பங்கு உண்டு. கன்னடம் பேசும் பெண்கள் நடத்திக் காட்டியதைப் பக்கத்திலிருக்கும் தமிழ்ப் பெண்கள் நடத்த முடியாதா? ஒரே குழுவில் கலந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பசிக்கு மொழி கிடையாது.

இப்படிப்பட்ட சங்கத்தில் நாம் கட்டும் வட்டி நம் சங்கத்துக்கே திரும்பி வருகிறது. வாரத் தவணைக் கம்பெனியிடம் வாங்கினால் வட்டி வெளியே போகிறது. தவணை தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்கிறது. அந்தக் கொடுமை தாங்காமல்தான் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில், சிறுகடன் வசூலில் மிரட்டுவதைக் குற்றமாக்கி அவசரச் சட்டம் போட்டது. 10 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். வீடு புகுந்து மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பயப்பட வேண்டியதில்லை.

சீட்டுப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1982-ம் ஆண்டுச் சட்டப்படி சீட்டுப் பதிவாளரிடம் பதிவு செய்யாத சீட்டில் பணம் போடாதீர்கள். பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மாதம் மூன்று சதம், ஐந்து சதம் தருகிறோம் என்று யார் வந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. சரிந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் பணத்தை இழந்து தெருவில் நின்றதை நாம் பார்த்தோம்.

வரி என்ற பூச்சாண்டி

வரி என்றாலே அது பணக்காரர் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். 2025-26-ம் ஆண்டுக்குப் புதிய முறைப்படி 12 லட்சம் வரை சாதாரண வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் ஐந்து ஆண்டு தொடர்ந்த சர்வீஸ் ஆகுமுன் பி.எப்.பை எடுத்தால், தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அங்கேயே 10 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் இன்னும் கூடும். நமக்கு வரியே இல்லை என்றாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்பி வரும். தாக்கல் செய்யாத ஏழைகளின் பணம் சர்க்காரிடமே தங்கிவிடும். பழைய ஆலைக் கணக்கைப் புதிய ஆலைக்கு மாற்றியிருந்தால் இரண்டு சர்வீசும் சேர்ந்தே ஐந்தாண்டு எண்ணப்படும். பணத்தை எடுக்காமல் மாற்றுவதில் இப்படி ஒரு லாபமும் உண்டு.

தாளில் இருப்பதே கையில் இருப்பது

நம்மவர்களுக்குப் பணம் வராமல் நிற்பதற்குப் பெரிய காரணம் பெயர். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். ஆதாரில் தகப்பன் பெயரை விரித்து எழுதியிருப்பார்கள், பி.எப்.பில் ஓர் எழுத்தோடு நிறுத்தியிருப்பார்கள். கன்னடத்தில் எழுதும்போது பெயரே மாறியிருக்கும். வேலையில் இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிட வேண்டும். ஆலை மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.

பி.எப். எண் ஒருவருக்கு ஒன்றுதான். புது ஆலையில் சேரும்போது பழைய எண்ணையே கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைப் பாருங்கள்; பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று தெரியும். கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால், வேலை வாங்கிய மூல முதலாளியும் சட்டப்படி பொறுப்பு. கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினேஷன் கல்யாணத்துக்குப் பின் செல்லாது. புதிதாக எழுத வேண்டும். வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால், பி.எப். உறுப்பினர் என்ற முறையில் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் தொகை உண்டு. 7 லட்சம் வரை கிடைக்கும். இதற்காக நம் சம்பளத்தில் ஒரு காசும் பிடிப்பதில்லை. இதைக் கேட்டு வாங்காத விதவைத் தாய்மார்கள் நம்மிடையே இருந்தால், அவர்களைக் கூட்டிக்கொண்டு பி.எப். அலுவலகத்துக்குப் போவது நம் கடமை.

பணிக்கொடை என்ற கிராஜுவிடியையும் மறக்க வேண்டாம். ஓராண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். பொதுவாக ஐந்தாண்டு முடிந்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே இந்த உரிமையைத் தருகிறது.

பி.எப். இல்லாதவர்கள்

கட்டட வேலை செய்கிறவர்கள் ஆண்டில் 90 நாள் வேலை செய்ததைக் காட்டி, கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அறுபது வயதுக்கு முன் பதிந்து, அட்டையைப் புதுப்பித்து வந்தால்தான் பென்ஷன் கேட்க முடியும். வீட்டு வேலை, தள்ளுவண்டி, பூ வியாபாரம் செய்கிறவர்கள், வருமான வரி கட்டாதவராகவும் 18-லிருந்து 40 வயதுக்குள்ளும் இருந்தால் அடல் பென்ஷனில் சேரலாம். அறுபதுக்குப் பின் மாதம் 5,000 வேண்டுமானால், 18 வயதில் சேர்கிறவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 30 வயதில் 577, 40 வயதில் 1,454. ஆகவே பாட்டிக்கு முன்னால் பேத்தியைச் சேருங்கள்.

கையில் ஏதேனும் தொகை வந்தவர்கள், அதை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பங்கில் வட்டிக் கடனை அடையுங்கள். ஆறு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மீதியைத் தபாலாபீஸ் மாதாந்திர வருமானத் திட்டத்திலோ, வயது அறுபது ஆகியிருந்தால் மூத்த குடிமக்கள் திட்டத்திலோ போடுங்கள். கணக்கில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும்.

நாம் கேட்க வேண்டியது

நாம் சிக்கனமாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். பி.எப். குறைந்தபட்சப் பென்ஷனை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2025 முடியும்வரை அதில் ஒரு ரூபாய் ஏறவில்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் எல்லாப் பொருளும் இரட்டை விலை. ஆயிரம் ரூபாய் ஐந்நூறு ரூபாயாக நிற்கிறது. குறைந்தபட்சப் பென்ஷன் உயர வேண்டும்; விலைவாசிப் படியோடு சேர்ந்து உயர வேண்டும். பிடித்த பணத்தைக் கட்டாத கான்ட்ராக்டர்மீது நடவடிக்கை வேண்டும். நம் பணத்தைப் பற்றி விதி மாற்றுமுன் நம்மைக் கேட்க வேண்டும். இவற்றைத் தனி ஆளாகக் கேட்டால் மேஜைக்கு மேஜை அலைய வைப்பார்கள். 2016-ல் சேர்ந்து கேட்டபோது இரண்டே நாளில் பதில் வந்தது.

கூட்டம் கலையுமுன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வாசலருகே மேஜை போட்டு நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பி.எப். எண், ஆதார், நாமினேஷன் மூன்றிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று பார்த்துத் தருவார்கள். எண் தெரியாதவர்கள் சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். சீட்டே கொடுக்காத இடத்தில் வேலை செய்கிறவர்கள் அந்த இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஐந்தாறு பேராகச் சேர்ந்து போய்க் கேட்போம்.